பொறுப்பேற்கும் மனிதர்

நகர வெப்பப் புதுப்பிப்பு வாரியம் தன்னுடைய திட்ட மேலாளர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒக்னியான் டெச்செவை மட்டும் வைத்துக்கொண்டது. அவர் திறமைசாலி என்பதால் அல்ல. அவரைவிடத் திறமையானவர்கள் அந்த மாடியிலேயே இருந்தார்கள். எல்லோரையும்விட அதிகமாக மன்னிப்புக் கேட்டவர் அவர்தான். அதனால்தான்.

எங்கள் ஊர் டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிறது. இங்கே அடுக்குமாடிகளில் யாரும் தனித்தனியாக அடுப்பு மூட்டிக் குளிர் காய்வதில்லை. ஊருக்கு வெளியே ஓரிடத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தரைக்கடியில் குழாய் வழியாக அனுப்புவார்கள். அது வீடு வீடாகப் போய், ஜன்னலுக்குக் கீழே நிற்கும் இரும்புச் சூடேற்றிகளுக்குள் ஓடி, அறையைக் கதகதப்பாக்கிவிட்டுத் திரும்பும். இந்தக் குழாய்கள் துருப்பிடித்துப் போனதால் அவற்றை மாற்றுவதற்கென்று வாரியத்தை அமைத்தார்கள். வாரியம் மீதியைப் பற்றி யோசித்து முடிப்பதற்குள் முதலில் மாற்றிய குழாய்களும் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன. ஆகவே வேலை இல்லாமல் போகும் ஆபத்து வாரியத்துக்கு ஒருநாளும் ஏற்படவில்லை.

திட்ட மேலாளர் என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், ஒக்னியானின் மனைவி காப்கா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள்.

"போன்ல கெஞ்சறது."

அது பொய்யில்லை. குழாய் அனுப்புகிறவரிடம் சீக்கிரம் அனுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். சாலைத் துறையிடம் இன்னும் ஒரு வாரம் பள்ளத்தை மூடாமல் விடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். வெல்டருக்குப் பல்வலி என்றால் பல் மருத்துவரிடம் கெஞ்சி அவனை முதலில் பார்க்கவைக்க வேண்டும். ஒக்னியான் இருபது வருடங்களுக்கு மேலாக இதைச் செய்துவந்தார். ஒருமுறை, கிரேன் ஓட்டுகிறவர் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு தன் அம்மா ஊருக்குப் போய்விட்டபோது, அங்கேயே போய்ச் சமாதானம் பேசிக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு தெருக்களுக்கு அந்த வருடம் நேரத்தோடு வெந்நீர் வந்ததற்கு அதுதான் காரணம். வாரியத்தின் ஆண்டறிக்கையில் 'சீரிய திட்டமிடல்' என்று அதைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

வாரியத்தின் இயக்குநர் பெயர் ப்ளகோவெஸ்ட் பானோவ். அந்தப் பெயருக்கு எங்கள் மொழியில் நற்செய்தி என்று பொருள். அவர் கூட்டம் கூட்டுகிறார் என்றாலே ஊழியர்கள் வேறு வேலைக்கான விளம்பரங்களைத் தேடத் தொடங்குவார்கள். அந்த வசந்தகாலத்தில் அவர் கூட்டிய கூட்டத்தில் மேடையில் பூச்சாடி வைத்திருந்தார்கள். பூச்சாடி வைத்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தார் பானோவ். "ஒரு திட்ட மேலாளர் நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்று ஆராய்ந்தோம். 'முடிந்ததா?' என்று கேட்கிறார். 'இன்னும் இல்லை' என்ற பதிலைப் பெறுகிறார். அதை என்னிடம் சொல்கிறார். நான் அதை 'ஏறத்தாழ முடிந்தது' என்று மாற்றி அமைச்சகத்துக்குத் தெரிவிக்கிறேன். இனிமேல் இவை எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே செய்யும். அதற்குச் சோர்வு இல்லை, விடுப்பு இல்லை, பல்வலி இல்லை. கடைசியாகச் சொன்ன வேலை என்னுடையது என்பதைக் கவனியுங்கள். உங்களோடு சேர்ந்து நானும் தியாகம் செய்கிறேன்."

அவர் தியாகம் செய்த பிறகும் இயக்குநராகவே இருந்தார். நேரம் மிச்சமானதால் இன்னும் அதிகமாக உரையாற்ற முடிந்தது, அவ்வளவுதான்.

புதிய ஏற்பாட்டுக்கு ஸோர்னிட்சா என்று பெயர் வைத்தார்கள். விடிவெள்ளி என்று அர்த்தம். வாரியத்தின் வழக்கறிஞர் மட்டும் ஒரு சிக்கலைக் கிளப்பினார்.

"தப்பு நடந்தா ஒரு ஆளைக் காட்டணும்னு சட்டம் சொல்லுது. எந்திரத்தக் கூண்டுல ஏத்த முடியாது. அதுக்குக் கையில்ல, விலங்கு எங்க மாட்டறது?"

அதனால் ஒரே ஒரு மனிதரை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அவர் யார் என்பதை ஸோர்னிட்சாவே தேர்ந்தெடுத்தது. எல்லோருடைய பழைய மின்னஞ்சல்களையும் படித்துப் பார்த்து, 'மன்னிக்கவும்' என்ற சொல்லை ஆக அதிகமாக எழுதியவர் ஒக்னியான் டெச்செவ் என்று கண்டுபிடித்தது. பதவியின் பெயர்: பொறுப்பேற்கும் மனிதர்.

மற்றவர்கள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஒக்னியான் ஒவ்வொருவரிடமும் போய், "மன்னிச்சுக்கோ," என்றார். பழக்கதோஷம். ஒரு பெண் கோபத்தோடு, "இத எழுதாம சும்மா சொல்லியிருந்தா நீயும் எங்ககூட நிம்மதியா வந்திருப்ப," என்றாள்.

பொறுப்பேற்கும் மனிதருக்குத் தலைநகரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து ஒருநாள் வகுப்பு எடுத்தார். 'வருந்துகிறோம்' என்று சொல்லலாம், 'வருந்துகிறேன்' என்று சொல்லக் கூடாது. ஒருமை ஆபத்தானது. 'தவறு' என்ற சொல் வேண்டாம், 'அனுபவம்' என்று சொல்ல வேண்டும். முகத்தில் இரக்கம் தெரியலாம். கண்ணீர் கூடாது, கண்ணீரை நீதிமன்றம் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக்கூடும். அன்று மாலை ஒக்னியான் சமையலறையில் நின்று பயிற்சி செய்தார்.

"தங்களுக்கு நேர்ந்த அனுபவத்துக்கு நாங்கள் வருந்துகிறோம்."

காப்கா மிளகாய் வதக்கிக்கொண்டே சிரித்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து என்கிட்ட ஒரு தடவகூட இவ்ளோ அழகா கேட்டதில்ல நீ." பிறகு திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "நெஜமாவே இதான் வேலையா ஓகி?"

நிஜமாகவே அதுதான் வேலை. எங்கே எப்போது தோண்டுவது, எதை வாங்குவது, யாரை அனுப்புவது என்பதையெல்லாம் ஸோர்னிட்சா முடிவு செய்தது. முடிவு செய்த கையோடு அதற்கான மன்னிப்பையும் எழுதி வைத்தது. ஒக்னியான் கழுத்தில் கைப்பேசியை மாட்டிக்கொண்டு போய் அதை வாசித்தார். கைப்பேசி அவர் குரலைக் கேட்டு மதிப்பெண் போட்டது. ரொட்டிக் கடை வாசலில் பள்ளம் வெட்டியதற்கு வருந்தினார். கடைக்காரி அவர்மேல் மாவைக் கொட்டினாள். 'இரக்கம்: போதுமானது' என்றது கைப்பேசி. தேவாலயத்துக்கு முன்னால் கல்யாணத்தன்று தோண்டியதற்கு வருந்தினார். மணமகளைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டிய மாப்பிள்ளை அவரைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தான். 'இரக்கம்: நன்று. வேகம்: கூட்ட வேண்டும்' என்றது. ஓடச் சொன்னதா, வாசிக்கச் சொன்னதா என்று அவருக்குப் புரியவில்லை.

குழாய் வேலையின் ஒப்பந்தக்காரரும் ஒரு இயந்திரம் வைத்துக்கொண்டார். ஸோர்னிட்சா அதனிடம் "முடிந்ததா?" என்று கேட்கும். அது "நடைபெறுகிறது" என்று சொல்லும். அமைச்சகத்தில் இருந்த இயந்திரம் இரண்டையும் படித்துப் பாராட்டும். மூன்றும் மிக நாகரிகமாகப் பேசிக்கொண்டன. ரயில்வே குடியிருப்புக்குப் போகும் பள்ளத்துக்குள் மட்டும் லூபென் என்கிற தலைமைக் குழாய்க்காரர், தன் ஆட்களோடு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒக்னியானுக்கும் ரொம்ப நாள் பழக்கம்.

"கடைசிக் கட்டடத்துக்கு வால்வு வரல," என்றார் லூபென். "அந்தம்மாகிட்ட மூணு தடவ சொல்லிட்டேன்."

"எந்தம்மா?"

"அதான், உங்க விடிவெள்ளி. 'உங்கள் உணர்வை மதிக்கிறோம்'னு பதில் வந்துச்சு. எனக்கு என்னடா உணர்வு, வால்வு இல்லங்கறது உணர்வா?"

ஸோர்னிட்சா அதற்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தது. ஒரே ஒரு வால்வுக்காகத் தனியாக ஒரு லாரி வருவது சிக்கனம் அல்ல. அடுத்த வருடத்துச் சரக்கோடு சேர்த்து வரவழைப்பதே மேல். அதுவரை அந்தக் கட்டடத்தில் வெப்பம் இருக்காது என்பதால், குடியிருப்போரின் சம்மதம் வேண்டும்.

அக்டோபரில் ரயில்வே பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சுவரில் கேமரா. மேடையில் பானோவ், பக்கத்தில் ஒக்னியான். திரையில் கேள்வி வந்தது: 'வெப்ப வழங்கலை அடுத்த ஆண்டுக்கு மாற்றியமைக்கச் சம்மதிக்கிறீர்களா?'

நாங்கள் பல்கேரியர்கள் 'ஆமாம்' என்றால் தலையை இடவலமாக ஆட்டுவோம். 'இல்லை' என்றால் மேலும் கீழும். இது எங்கள் தாத்தாக்களுக்கு முன்னாலிருந்தே இப்படித்தான். கூடத்தில் இருந்தவர்கள் கொதித்துப்போய், கழுத்து ஒடிந்துவிடும்போல, மேலும் கீழும் ஆட்டினார்கள். சிலர் வேண்டாமென்று 'ச்சு' கொட்டினார்கள். ஒருவர் நாற்காலிமேல் ஏறி நின்று ஆட்டினார். ஸோர்னிட்சா எல்லாத் தலைகளையும் கவனமாகப் பார்த்துவிட்டு அறிவித்தது: 'ஒருமனதான, உற்சாகமான சம்மதம்.'

ஒக்னியான் மறுநாள் இயக்குநர் அறைக்குப் போனார். "சார், அவங்க வேண்டாம்னு சொன்னாங்க. அது தலைகீழா எடுத்துக்கிச்சு."

"உட்காருங்க டெச்செவ்," என்றார் பானோவ். "அது உலகத்துல இருக்கற தலைங்களையெல்லாம் பாத்துப் படிச்சிட்டு வந்திருக்கு. உலகமே ஒரு மாதிரி ஆட்டுது, இந்த ரயில்வே குடியிருப்பு மட்டும் வேற மாதிரி ஆட்டுது. திருத்திக்க வேண்டியது யாரு? நீங்களே சொல்லுங்க."

"நீங்களும் நானும்கூட அப்படித்தானே சார் ஆட்றோம்?"

பானோவ் தலையை இடவலமாக ஆட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரமே 'கூட்டங்களில் தலையசைக்கும் முறை' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. கொஞ்ச காலத்துக்கு வாரிய ஊழியர்கள் எதைக் கேட்டாலும் தலையை வட்டமாகச் சுற்றினார்கள்.

ரயில்வே குடியிருப்பின் கடைசிக் கட்டடத்தில் மில்கா என்கிற பெண்மணி இருந்தார். அவர் முகம் பலருக்குத் தெரியாது. குரல் ஊருக்கே தெரியும். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் ஸ்டொய்மென் தண்டவாளம் மாற்றுகிற வேலையில் இருந்தவர். அவர் அதிகம் பேசமாட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு குரல் போதும் என்று விட்டுவிட்டார்போலும்.

நவம்பரில் ஒக்னியான் வீடு வீடாகப் போய், 'தாங்களே விரும்பித் தேர்ந்துகொண்ட தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று வாசிக்க வேண்டியிருந்தது. மில்கா கதவைத் திறந்து, கடைசிவரை கேட்டுவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

"என் பொழப்ப என்கிட்டயே காட்டறியா தம்பி? தாமதத்துக்கு வருந்துகிறோம்னு நான் சொன்ன அளவுக்கு இந்த நாட்டுல ஒருத்தரும் சொன்னதில்ல. உள்ள வா. உனக்கு வாசிக்கவே தெரியல."

மேலங்கியும் இரண்டு கம்பளித் துண்டுகளுமாக அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். மின்சார அடுப்பு ஒன்று சிவந்துகொண்டிருந்தது. கட்டடம் முழுவதும் அதே போல் அடுப்பு வைத்திருந்ததால் அடிக்கடி மின்சாரம் போயிற்று. போகும்போதெல்லாம் ஸ்டொய்மென் எழுந்து, மாடிப்படி இறங்கிப் போய், ஃபியூஸைப் போட்டுவிட்டு வருவார்.

"எனக்கு நெஞ்சு சரியில்ல," என்றார் மில்கா, லிண்டன் பூத் தேநீரை ஊற்றிக்கொண்டே. "குளிர் உள்ள போனா அப்புறம் வெளியே வர மாட்டேங்குது. சரி, நான் ஒண்ணு கேக்கறேன். வண்டி தாமதம்னு நான் சொல்றப்ப, அது எந்த ஸ்டேஷன்ல நிக்குதுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா, எங்க வெந்நீர் எங்க நிக்குதுன்னு?"

"தெரியும்," என்றார் ஒக்னியான். "உங்க கட்டடத்து மூலையில. ஒரு வால்வு போட்டா வந்துரும்."

மில்கா தேநீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "இவ்ளோ கிட்டயா?"

ஒக்னியான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். மில்காவே பேச்சை மாற்றி, எந்தச் சொல்லில் குரலை இறக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, அந்த அறிவிப்பை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். கைப்பேசி முதல்முறையாக 'இரக்கம்: மிகச் சிறப்பு' என்றது. மில்கா கை தட்டினார்.

டிசம்பரில் ஆற்றின் ஓரங்கள் உறைந்தன. பள்ளத்தின்மேல் பலகைகளைப் போட்டுவிட்டு லூபென் ஒக்னியானைக் கூப்பிட்டார்.

"கிடங்குல ஒரு பழைய வால்வு இருக்கு ஓகி. ஒரு இடிச்ச கட்டடத்துல கழட்டுனது. நல்லா இருக்கு, சோதிச்சுப் பாத்துட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கு மத்தியானம் இவங்க மேலங்கியக் கழட்டிட்டு வெறும் சட்டையோட உக்காருவாங்க."

"எனக்கு அதிகாரம் இல்ல லூபென். பொறுப்பு மட்டும்தான்."

"அப்படின்னா?"

"எது நடந்தாலும் என்னத்தான் புடிப்பாங்க. ஆனா எதையும் நான் நடத்த முடியாது."

"கல்யாணம் மாதிரியில்ல இருக்கு," என்றார் லூபென். ஆனால் சிரிக்கவில்லை. "முன்னாடியெல்லாம் நீ இப்படிக் கேட்டுக்கிட்டா இருந்த? 'மாட்டு, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போவ."

பழைய ஒக்னியான் அப்படித்தான் சொல்லியிருப்பார். இப்போது கழுத்தில் கைப்பேசி தொங்கியது. அது கேட்டுக்கொண்டிருந்தது. காப்காவுக்கு வேலை இல்லை, வீட்டில் இவர் வேலை ஒன்றுதான். ஐம்பது வயது கடந்த திட்ட மேலாளரை இனி யார் எடுப்பார்கள்? இதெல்லாம் ஒரு நொடியில் அவருக்குள் ஓடியது.

"கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார்.

ஸோர்னிட்சாவிடம் எழுதிக் கேட்டார். பதில் உடனே வந்தது: 'தங்கள் அக்கறைக்கு நன்றி. அந்தக் கட்டடத்துக்குக் குடியிருப்போர் ஒப்புக்கொண்ட வெப்பம்: பூஜ்யம். வழங்கப்பட்ட வெப்பம்: பூஜ்யம். இலக்கு முழுமையாக எட்டப்பட்டுள்ளது. நிறைவடைந்த திட்டத்துக்கு வால்வு தேவைப்படாது.'

'அங்கே குளிர்கிறது' என்று மறுபடி எழுதினார்.

'குளிர் எங்கள் திட்ட வரம்புக்குள் வராது. வெப்பம் மட்டுமே வரும்.'

பானோவிடம் போனார். பானோவ் அப்போது அமைச்சகத்தின் விருது விழாவுக்கான உரையைத் தயாரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் பச்சையா இருக்கு டெச்செவ்," என்று, முடிந்த வேலைகள் பச்சை நிறத்தில் தெரியும் திரையைக் காட்டினார். "இத்தனை வருஷத்துல நான் இவ்ளோ பச்சையைப் பாத்ததில்ல. நீங்க இப்ப ஒரு வால்வ மாட்டினா, மாட்ட வேண்டியிருந்துச்சுன்னு ஆயிடும். மாட்ட வேண்டியிருந்துச்சுன்னா, முடியலன்னு ஆயிடும். முடியலன்னா விருது யாருக்கு? புத்தாண்டு போகட்டும், பேசலாம்."

ஒக்னியான் லூபெனுக்குப் போன் செய்து, "புத்தாண்டு போகட்டுமாம்," என்றார். லூபென் போனை வைத்துவிட்டார்.

விருது வந்தது. புத்தாண்டும் போயிற்று. ஜனவரியில் மில்காவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டது. சில நாட்களிலேயே இறந்துபோனார். இங்கே வழக்கம்போல, படம் போட்ட இரங்கல் தாளைக் கட்டடத்தின் வாசற்கதவில் ஒட்டினார்கள். ரயில் நிலையத்தின் தூண்களிலும் யாரோ ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளில்தான் முதல்முறையாகப் பலர் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

ஸோர்னிட்சாவுக்கு ஒரு வாரத்தில் செய்தி எட்டியது. அது உடனடியாக ஒரு மன்னிப்பை எழுதியது.

'மதிப்புக்குரிய மில்கா, தங்கள் வெப்ப அனுபவம் தங்கள் எதிர்பார்ப்பை எட்டாதிருக்குமானால் நாங்கள் வருந்துகிறோம். எங்கள் சேவையை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டு, நாங்கள் மேம்பட உதவுங்கள்.'

ஒக்னியான் அது வந்திருந்த கைப்பேசியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். ஸ்டொய்மென் கதவைத் திறந்தார். சவரம் செய்யாத முகம். தலையில் கம்பளித் தொப்பி. மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது. ஒக்னியான் முதல் வரியை வாசிக்க வாயைத் திறந்தார். கைப்பேசியைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"ஸ்டொய்மென், தப்பு என்னோடது. வால்வு இருந்துச்சு. மாட்டறதுக்கு ஆளும் இருந்தாங்க. டிசம்பர்லயே லூபென் என்கிட்ட கேட்டான். நான் சரின்னு சொல்லியிருக்கணும். சொல்லல. பயந்துட்டேன். வேலை போயிடும்னு பயந்துட்டேன். வேற யாரும் இல்ல, நான்தான்."

ஸ்டொய்மென் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முடிச்சிட்டியா?"

"ம்."

"அவ இருந்தா ஏதாவது சொல்லியிருப்பா. எனக்குப் பேச வராது." கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. 'இரக்கம்: அளவுக்கு மீறியது. பதிவு சட்டப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது.'

ஒக்னியான் கீழே இறங்கி வந்து, அந்தக் கைப்பேசியிலேயே லூபெனைக் கூப்பிட்டார்.

"மாட்டு."

"யார் சொன்னான்னு கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

மறுநாள் கட்டடத்துக்குள் வெந்நீர் வந்தது. சூடேற்றிகளுக்குள் காற்று சீறியது. இரும்பு படபடவென்று தட்டியது. ஆட்கள் அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். சந்தோஷக் கூச்சல் எதுவும் இல்லை. வெளியே போகும்போதும் வரும்போதும் வாசற்கதவில் இருந்த படத்தைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பானோவ் ஒக்னியானை வரச் சொன்னார். இந்தமுறை உட்காரச் சொல்லவில்லை.

"பொறுப்பு உங்ககிட்ட இருக்கணும்னுதான் உங்கள வெச்சிருந்தோம். அத எடுத்துக்கலாம்னு யார் சொன்னது?" அவர் குரலில் கோபத்தைவிட வேதனை அதிகம் இருந்தது. "ஒரு குடை இருக்கு. மழை வந்தா நனையறதுக்குத்தான் அது. குடையே எழுந்து போய் மழையில நின்னா, அப்புறம் உள்ள இருக்கறவங்க கதி?"

விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைநகர் சோபியாவிலிருந்து வந்திருந்த தலைவர் கண்ணியமானவர், நல்ல செவிப்புலன் உள்ளவர். ஒக்னியான் எழுந்து நின்று, "அந்தம்மா இறந்ததுக்கு நான் காரணம், அத எழுதிக்கோங்க," என்றார்.

"எழுத முடியாது," என்றார் தலைவர். "இறந்தவர் ஏற்கெனவே நெஞ்சு நோயாளி. திட்டமோ இலக்கை முழுமையாக எட்டியிருக்கிறது. நடக்காத தவறுக்கு நீங்கள் பொறுப்பேற்க வந்தால், அது பொய் வாக்குமூலம் ஆகிவிடும். உங்களைப் போன்ற ஒரு நல்ல மனிதரை அப்படிச் செய்ய நாங்கள் விடமாட்டோம்."

"ஒரு உயிர் போயிருக்கு ஐயா."

"அதற்கு நாங்களும் வருந்துகிறோம்," என்றார் தலைவர், பன்மையில்.

ஆனால் குழு வெறுங்கையோடு திரும்பவில்லை. ஒரு தவறு நடந்திருப்பதை அது கண்டுபிடித்தது. நிறைவடைந்த திட்டம் ஒன்றில், அதிகாரம் இல்லாத ஒருவருடைய வாய்மொழி உத்தரவின்பேரில் ஒரு வால்வு மாட்டப்பட்டிருந்தது. குடியிருப்போர் ஒருமனதாக மறுத்திருந்த வெப்பம் அவர்கள்மேல் திணிக்கப்பட்டிருந்தது. அதற்கு மட்டும் ஒக்னியான் டெச்செவ் முழுப் பொறுப்பாளர். லூபென் சாட்சி சொல்ல எழுந்து, "மாட்டுனது நான்தான்," என்றார். "அவருக்குக் காது சரியா கேக்காது, கூடக்கூடப் பேசுவாரு, விட்டுருங்க," என்று பொய் சொல்லி ஒக்னியான் அவரை உட்காரவைத்துவிட்டார். குளிர்காலம் முடிந்ததும் வால்வைக் கழற்றிக் கிடங்கில் சேர்க்க வேண்டும் என்றும் குழு பரிந்துரை செய்தது.

ஒக்னியானை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த வாரமே ஒரு விளம்பரம் வந்தது: 'பொறுப்பேற்கும் மனிதர் தேவை. முன்னனுபவம் விரும்பத்தக்கதல்ல.' நிறையப் பேர் விண்ணப்பித்ததாகக் கேள்வி. அவர்களில் பழைய திட்ட மேலாளர்களும் இருந்தார்களாம்.

காப்கா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் மட்டும், காபியைக் கலக்கிக்கொண்டே, "டிசம்பர்லயே என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "என் பேரச் சொல்லித்தான பயந்த? நான் சொல்லியிருப்பேனே, மாட்டச் சொல்லுன்னு."

பிப்ரவரிக் கடைசியில் மில்காவின் நாற்பதாம் நாள் வந்தது. அன்று கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்து, வந்தவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கல்லறையில் கொடுக்கும்போது ஒக்னியான் தூரத்தில் நின்றார். கூட்டம் கலைந்த பிறகு ஸ்டொய்மென் அவர் பக்கம் வந்து, "வீட்டுக்கு வா," என்றார். "ஒரு வேலை இருக்கு."

வீட்டுக் கதவைத் திறந்ததும் அனல் அடித்தது. கூடவே பனிக்காற்றும் அடித்தது. சூடேற்றிகள் எல்லாம் கொதித்துக்கொண்டிருந்தன, எல்லா ஜன்னல்களும் அகலத் திறந்து கிடந்தன. ஜன்னல் விளிம்பில் விழுந்த பனி உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இத மூடத் தெரியல எனக்கு," என்றார் ஸ்டொய்மென். "திருகிப் பாத்தேன், அசைய மாட்டேங்குது. நீ மூடு."

"இன்னும் குளிர் விடலியே ஸ்டொய்மென்."

"தெரியும்." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவளுக்கு வந்திருக்க வேண்டிய சூடு இது. இதுக்குள்ள படுத்தா எனக்குத் தூக்கம் வரல. மூடு."

ஒக்னியான் மண்டியிட்டு உட்கார்ந்தார். படுக்கையறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று. திருகுகள் இறுக்கமாக இருந்தன. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, பலம் கொண்டமட்டும் பிடித்து, ஒவ்வொன்றாக மூடினார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம் மெல்லத் தேய்ந்து நின்றது. ஸ்டொய்மென் ஜன்னல்களைச் சாத்தினார்.

பிறகு அவர் ஒரு கிண்ணத்தில் மிச்சமிருந்த கோதுமையைப் போட்டு மேசைமேல் வைத்து, ஒரு கரண்டியை ஒக்னியான் பக்கம் தள்ளினார். அறை கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. இருவரும் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.